பட்டறையில் வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றால் உடம்புத் தூசியை ஊதிக்கொள்வது உண்மையிலேயே ஆபத்தா?

ஆபத்துதான். கேள்வியைப் பார்த்தால், நீங்கள் அண்மையில்தான் ஏதோ ஒரு பட்டறையில் சேர்ந்திருக்கிறீர்கள் என்றும், மாலையில் மூத்தவர்கள் காற்றைப் பீய்ச்சும் ஏர் கன்னை எடுத்துச் சட்டையிலும் தலையிலும் ஒட்டிய மரத்தூளை ஊதிக்கொள்வதைக் கண்டு தயங்குகிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். நான் பொறியாளன் அல்லன். காரைக்குடியில் பழைய நிலைக்கதவுகளைச் சீர்செய்யும் தச்சன். இருந்தாலும் இந்த விஷயத்தில் என் இடது உள்ளங்கைக்கு அனுபவம் உண்டு.

காற்றை டேங்கில் அமுக்கிச் சேர்க்கும் கம்ப்ரஸர் இல்லாமல் எங்கள் வேலை நடக்காது. செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்கு நிலைகளில் கொடியும் அன்னமும் யாளியுமாகச் செதுக்கிய இடுக்குகளில் எண்பது, தொண்ணூறு ஆண்டுத் தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு இறுகிக் கிடக்கும். என் தாத்தா மூங்கில் குச்சியால் கிளறி, வாயால் ஊதி, ஒரு நிலைக்கு ஒரு வாரம் செலவழித்ததை, நாங்கள் காற்றுக் குழாயைக் கொண்டு இரண்டு நாளில் முடிக்கிறோம். ஆகவே, கம்ப்ரஸரே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் கானாடுகாத்தான் வீடு ஒன்றின் நிலை எங்களிடம் வந்திருந்தது. அன்று காலையில் உளி பட்டு என் இடது உள்ளங்கையில் சிறு கீறல் விழுந்திருந்தது, அதைப் பொருட்படுத்தவில்லை. பிற்பகலில் காற்று குறைவாக வருவதுபோல் தோன்றவே, இருபது ஆண்டுகளாகச் செய்துவந்த வழக்கப்படி, ஏர் கன்னின் முனையை உள்ளங்கையில் வைத்து விசையை அழுத்திப் பார்த்தேன். சில்லென்று இருந்ததே தவிர வலிக்கவில்லை. ஆனால் நான் கையை எடுப்பதற்குள் உள்ளங்கை உப்பி, மணிக்கட்டு வரை பூரியைப் போல எழும்பிவிட்டது. தொட்டால் தோலுக்கடியில் பொரி நொறுங்குவதுபோல நறநறத்தது. "சுடுதண்ணில வச்சு நீவிவிட்டாச் சரியாயிரும்ப்பா" என்றார் எங்கள் மூத்த ஆசாரி. நானும் அதற்குத் தயாராகிவிட்டேன். பட்டறைப் பையன்தான், "வேணாம்ண்ணே, ஏறுங்க" என்று பிடிவாதமாக வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றான். எக்ஸ்ரேயில் சதைக்கு நடுவே காற்று கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தது. நீவியிருந்தால் கீறல் வழியே காற்றோடு புகுந்த அழுக்கும் எண்ணெயும் கிருமியும் இன்னும் உள்ளே பரவியிருக்கும் என்று மருத்துவர் கண்டித்து, ஊசி போட்டு, இரண்டு நாள் அங்கேயே வைத்துக் கவனித்தார்.

அப்போது கம்ப்ரஸரின் அழுத்த மீட்டரில் இருந்தது 7 கிலோ. பட்டறைப் பேச்சில் கிலோ என்று நாம் சொல்வது, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை அத்தனை கிலோ எடை அழுத்துவதைத்தான். காற்றால் சுத்தம் செய்வதற்கு அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதி வைத்திருக்கும் வரம்பு 30 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு), அதாவது ஏறத்தாழ 2 கிலோ. அதிலும் தெறிக்கும் துகளுக்குத் தடுப்பும் கண்ணாடியும் கட்டாயம். அந்த அனுமதியும் பொருள்களை ஊதுவதற்கே அன்றி, ஆளை ஊதுவதற்கு அன்று. காற்று கண்ணில் துகளை ஏற்றும், செவிப்பறையைக் கிழிக்கும். உடன் வேலை செய்பவரின் பின்புறத்தில் விளையாட்டாகக் காற்றடித்து, குடல் கிழிந்து அவர் இறந்துபோன செய்திகள் நம் நாட்டிலேயே பலமுறை வந்துள்ளன. மேலும், சட்டையிலிருந்து ஊதிவிட்ட மரத்தூள் எங்கும் போய்விடுவதில்லை, நம் மூச்சில்தான் ஏறுகிறது. அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

"முப்பது வருடமாக ஊதிக்கொள்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று எழுதப் போகிறவர்களுக்கு: நானும் அன்று மதியம் வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காற்று ஏன் குறைந்தது என்பதைக் கைக்கட்டோடு திரும்பி வந்த பிறகுதான் பார்த்தேன். ஃபில்டர் துருவால் அடைத்திருந்தது. டேங்கின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்தால் செங்கல் நிறத் தண்ணீர் வாளியில் பாதிக்கு மேல் வந்தது. காற்றை அமுக்கும்போது அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகப் பிரிந்து அடியில் தங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் அதிகமாகத் தங்கும். அது தகட்டை உள்ளிருந்து அரிப்பதால், வெளியே பெயின்ட் பளபளத்தாலும் டேங்க் ஒருநாள் வெடிக்கக்கூடும். தினமும் மாலையில் வடிப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் மாதக்கணக்கில் அதைச் செய்யவில்லை.

அதைவிட என்னை இன்றும் கொதிக்கவைப்பது வேறொன்று. இயந்திரத்தைப் பழையதாக எனக்கு விற்றவர், அழுத்தம் மிஞ்சினால் காற்றை வெளியேற்றும் சேஃப்டி வால்வு கசிந்துகொண்டிருந்ததால் அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பிளக்கை முறுக்கியிருந்தார். டேங்க் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் ஆட்டோ கட்டாஃப் ஒருமுறை தவறியிருந்தால், நாங்கள் ஐந்து பேரும் என்ன ஆகியிருப்போம் என்று நினைக்கவே முடியவில்லை. கேட்டதற்கு, "எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க" என்றார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 31ஆம் பிரிவு, இத்தகைய டேங்க் போன்ற அழுத்தக் கலன்களைப் பற்றிப் பேசியது என்பது உண்மை. ஆனால் என் பட்டறை போன்ற சிறிய இடத்துக்கு எவரும் சோதிக்க வந்ததில்லை. நாமேதான் வாரம் ஒருமுறை வால்வின் வளையத்தை இழுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றுக்குப் பிவிசி குழாய் போட்டிருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். வெடித்தால் கத்திகளாகச் சிதறும். காற்றால் ஆணி அடிக்கும் நெய்லரில் ஆணி சிக்கினால், முதலில் காற்று வரும் ஹோஸைக் கழற்றாமல் முனையில் கை வைக்காதீர்கள்.

எங்கள் பட்டறை வாசலில் இப்போது தேங்காய் நார்த் தூரிகை ஒன்று தொங்குகிறது. சட்டைக்கு அதுதான்.

இதற்குப் பிறகும் யாருக்காவது காற்று உள்ளே ஏறிவிட்டால், வலிக்கவில்லை என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே கம்ப்ரஸர் காற்று புகுந்தது என்பதையும் எத்தனை கிலோவில் புகுந்தது என்பதையும் சொல்லுங்கள். வெளியே தெரியும் சிறு கீறலை மட்டும் பார்த்தால், மருந்து தடவி வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும்.