கேளுங்கள், சொல்கிறேன்: ஆடாமல் இருக்கவும் சம்பளம்!

கேள்வி: பாஸ்கெட்பால் ஆடும் என் மகள் சொல்லித்தான் டயானா டொராசி என்ற பெயரே எனக்குத் தெரியும். அமெரிக்காவில் ஒரு சீசன் ஆடாமல் இருப்பதற்காகவே அவருக்குப் பணம் கொடுத்தார்களாமே! நிஜமா, இல்லை என் காதில் பூ சுற்றுகிறாளா?
வாசகி, திண்டுக்கல்

பதில்: நிஜம்தான். 2015-ல் நடந்தது. பணம் கொடுத்தது அமெரிக்க அணி இல்லை. ரஷ்யாவில் யூரல் மலைப் பக்கம் இருக்கும் யெகாதெரின்பர்க் அணி. தாமிரத்தில் கொழித்த ஒரு நிறுவனத்தின் பணம் அதன் பின்னால் இருந்தது.

பெண்களுக்கான அமெரிக்க லீக், டபிள்யூ.என்.பி.ஏ., கோடையில் நடக்கும். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் ஆடுவார்கள். இங்கே முடிந்ததும் அங்கே, அங்கே முடிந்ததும் இங்கே என்று டொராசி பத்து வருஷம் போல ஓடிக்கொண்டிருந்தார். முட்டியும் கணுக்காலும் என்னத்துக்கு ஆகும்? 2014-ல் அவருடைய அமெரிக்க அணியான ஃபீனிக்ஸ் மெர்குரி 29 வெற்றி, ஐந்தே தோல்வி என்று லீக் ஆட்டங்களை முடித்துக் கோப்பையையும் தூக்கியது. அதற்கடுத்த கோடைக்குத்தான் ரஷ்யர்கள், ‘அங்கே கிடைப்பதைவிட அதிகமாகவே தருகிறோம், ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள்’ என்றார்கள். அமெரிக்காவில் அப்போது நட்சத்திர வீராங்கனைக்கே உச்சவரம்பு ஏறக்குறைய 1,07,000 டாலர். ரஷ்யாவில் அவர் வாங்கியது 15 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அவரைப் பணத்தாசை பிடித்தவர் என்றவர்கள் உண்டு. கோப்பை வாங்கித் தந்தவரை இந்தச் சம்பளத்தில் வைத்திருந்த லீக்கைத்தான் நான் கேட்பேன்.

கேள்வி: இன்றும் வீராங்கனைகள் அப்படி ரஷ்யாவுக்குப் போகிறார்களா?
வாசகர், ஈரோடு

பதில்: அந்தக் கதவு 2022-ல் ஏறக்குறைய மூடிவிட்டது. டொராசியோடு ஃபீனிக்ஸில் ஆடிய பிரிட்னி கிரைனரும் குளிர்காலத்தில் யெகாதெரின்பர்க் அணிக்குத்தான் ஆடினார். அந்த பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் அவருடைய பெட்டியில் கஞ்சா எண்ணெய் இருந்ததாகப் பிடித்தார்கள். ஒன்பது வருஷம் சிறை என்று தீர்ப்பு வந்தது. டிசம்பரில், அமெரிக்கச் சிறையில் இருந்த ரஷ்ய ஆயுத வியாபாரி விக்டர் பூட்டைக் கொடுத்து அவரை மீட்டது அமெரிக்கா. நடுவே உக்ரைன் போரும் வந்துவிட்டது. 2025 ஜனவரியில் மயாமியில் ‘அன்ரைவல்ட்’ என்று மூவர் அணி லீக் ஒன்று தொடங்கியிருக்கிறது. ஆரம்பித்ததே இரண்டு வீராங்கனைகள்தான்: பிரியானா ஸ்டூவர்ட், நஃபீசா காலியர். குளிர்காலத்தில் ஊரிலேயே சம்பாதிக்க ஒரு வழி. ஆனாலும் 2024-ல் அரங்குகளை நிறைத்த கெய்ட்லின் கிளார்க்குக்கு டபிள்யூ.என்.பி.ஏ. கொடுத்த முதல் வருஷச் சம்பளம் 76,535 டாலர்தான். விளம்பரப் பணம் தனிக் கணக்கு.

கேள்வி: டொராசியின் ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால்?
கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: 2023 ஆகஸ்ட் 3, அட்லாண்டாவுக்கு எதிராக. டபிள்யூ.என்.பி.ஏ.வில் முதல் ஆளாக மொத்தம் 10,000 புள்ளிகளைத் தொட்டது அன்றுதான், அதுவும் ஒரு மூன்று புள்ளி வீச்சில். அப்போது வயது 41. அந்த ஒரு ஆட்டத்தில் மட்டும் 42 புள்ளி! அடுத்த வருஷம் பாரிஸில் ஆறாவது ஒலிம்பிக் தங்கம், 2025-ல் ஓய்வு. யூடியூபில் தேடிப் பாருங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். நடுவர்களிடம் அம்மணி பேசும் பேச்சு கொஞ்சம் காரம்.