நத்தத்துப் புளியமரம்

ஐயா,

என் அம்மான் ஏழு வருடம் மலேசியச் சிறையில் இருந்துவிட்டுப் போன ஆடியில் ஊருக்கு வந்தார். திருச்சி விமான நிலையத்தில் தெரிந்த பையன் ஒருவன் கொடுத்துவிட்ட பையால் வந்த வினை. எப்படித் தாக்குப்பிடித்தீர்கள் என்று கேட்டால், “ஓடிருச்சுப்பா” என்கிறார். ஆயாவும் கேட்டுப் பார்த்துவிட்டார். அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் எழுத வைக்கலாம் என்று இருக்கிறேன். எப்படித் தொடங்குவது?

– பெயர் வேண்டாம், தேவகோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

நோட்டு வாங்கிவிட்டீர்கள் என்றால் அலமாரியில் வையுங்கள். அவசரமில்லை.

என் பெரியப்பா மகனுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். குருவியாக, அதாவது கூலிக்குச் சாமான் சுமப்பவராக, போய்வந்துகொண்டிருந்தவர். ஒரு நடையில் பெட்டியின் அடித்தட்டில் வேறொன்று இருந்தது. தெரியாது என்றார். பாதி தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம். கூலி இரண்டு மடங்கு என்றால் ஏன் என்று எவனும் யோசிப்பான்.

மலேசியாவில் போதைப்பொருள் சட்டம் 1952இல் வந்தது. ஹெராயின் 15 கிராம் இருந்தாலே கடத்தல் கணக்கு. ரெண்டு பவுன் எடைகூட இல்லை. பை உன் கையில் இருந்தால் உள்ளே இருப்பது உனக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்வார்கள். இல்லை என்று நீதான் காட்ட வேண்டும். கடத்தல் என்று தீர்ந்தால் தூக்கைத் தவிர வேறு தண்டனை கொடுக்க நீதிபதிக்கே வழியில்லாத காலம் அது. அந்தக் கட்டாயத்தை 2023இல்தான் முழுசாக எடுத்தார்கள். அண்ணனுக்கு ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பயம். அப்புறம் ‘வைத்திருந்தார்’ என்று குற்றத்தைக் குறைத்தார்கள். வயது ஐம்பதைத் தாண்டியிருந்ததால் ரோத்தான் என்கிற பிரம்படியும் இல்லை.

தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள் என்று கேட்கும் உரிமை கைதானவருக்கு உண்டு, 1963 வியன்னா ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஐந்து மாதம் ஆள் எங்கே என்று ஜோசியரிடம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வந்த புதிதில் அவர் கதவைத் திறக்க மாட்டார். நம் வீடுகளில்தான் முகப்பிலிருந்து கொல்லைவரை வரிசையாகக் கதவு ஆயிற்றே. சாத்தியிருக்கும் கதவு முன்னால் போய்க் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார். யாராவது வந்து திறந்தால் உள்ளே போவார். தாழ்ப்பாள் அவர் பக்கம்தான் இருக்கும். உங்கள் அம்மானைக் கவனியுங்கள். வெளியே போகும்போது சாவிக்கொத்தை அவரிடமே கொடுத்துவிட்டுப் போங்கள்.

அண்ணனும் ‘ஓடிருச்சு’ ரகம்தான். இரண்டு வருடம் கழித்து, மொச்சை உரித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், யாரும் கேட்காமலே சொன்னார். தை மாதக் கணக்கு வைத்து அறைக்குள்ளேயே பழனிக்கு நடப்பாராம். நாலு எட்டு, திரும்பி நாலு எட்டு. குன்றக்குடியில் கிளம்பி சிங்கம்புணரி வரைக்கும் சிக்கல் இல்லை. நத்தத்தில் நின்றுவிடும். அங்கே காவடியை இறக்கி வைக்கிற புளியமரம் ரோட்டுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஞாபகம் வராது. அது தெரியாமல் மேலே நடக்க மனசு வராது. மறுபடி குன்றக்குடி. திண்டுக்கல்லை ஒரு வருடமும் பார்க்கவில்லை என்றார். மற்றதெல்லாம், அடி, பசி, பக்கத்து அறைக்காரன் அழுதது, இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த தைப்பூசத்துக்கு அவரோடு நானும் நடந்தேன். நத்தத்தில் ரோட்டை அகலப்படுத்தியிருந்தார்கள். இரண்டு பக்கமும் மரம் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அதான் வரமாட்டேன்னுச்சு” என்று சொல்லிவிட்டு நடந்தார்.