நெல்லை வானில் துருவ விண்மீன் எங்கே நிற்கிறது?

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஈக்வடோரியல் மவுண்டுடன் (பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் சுழலும் தாங்கியுடன்) கூடிய சிறிய தொலைநோக்கி ஒன்று வாங்கியிருக்கிறேன். அதன் அச்சைத் துருவ விண்மீனுக்கு நேராகத் திருப்ப வேண்டும் என்று கையேடு சொல்கிறது. படத்தில் அந்த விண்மீன் வானத்தின் பாதி உயரத்தில் இருக்கிறது. ஒரு மாதமாக மொட்டை மாடியில் தேடியும் எனக்கு அது தட்டுப்படவில்லை. நம் ஊரில் அது தெரியுமா? தெரியாவிட்டால் தொலைநோக்கியை எப்படி நிறுத்துவது?"

தெரியும். ஆனால் நீங்கள் தேடிய உயரத்தில் அது இல்லை. பூமியின் சுழல் அச்சை வடக்கே நீட்டினால் அது வானத்தைத் தொடும் இடமே வட வானத் துருவம். துருவ விண்மீன் அதை ஒட்டியே நிற்கிறது. வட துருவத்தில் நிற்பவருக்கு அந்த இடம் நேர் உச்சியிலும், நிலநடுக்கோட்டில் நிற்பவருக்குத் தொடுவானத்திலும் இருக்கும். இடைப்பட்ட ஊர்களில், அந்த ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை உயரத்தில் நிற்கும். உங்கள் கையேடு 40 பாகை அட்சரேகையை ஒட்டிய ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்க வேண்டும். திருநெல்வேலியின் அட்சரேகை சுமார் 8.7 பாகை. கையை நேராக நீட்டி விரல்களை மடக்கி முட்டியாகப் பிடித்தால் அது வானத்தில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். அந்த ஒரு முட்டி அளவுக்கும் குறைவான உயரத்தில்தான் நமக்குத் துருவம் இருக்கிறது. ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் பதினைந்து மீட்டர் பனை ஒன்று போதும், அதை முழுவதுமாக மறைத்துவிடும்.

மறைப்பு இல்லாவிட்டாலும் இன்னொரு தடை உண்டு. அவ்வளவு தாழ்வில் இருக்கும் விண்மீனின் ஒளி, உச்சியிலிருந்து வரும் ஒளியைப் போல ஆறு மடங்குக் காற்றைக் கடந்து வருகிறது. துருவ விண்மீன் பலர் நினைப்பதுபோல வானத்திலேயே பிரகாசமானது அன்று. அது இரண்டாம் ஒளித்தரத்தைச் சேர்ந்த நடுத்தரமான விண்மீன். தூசியும் நகர விளக்கொளியும் சேர்ந்த கீழ்வானில் அது மங்கிப்போவது இயல்பு. ஒருமுறை கண்ணாரக் காண விரும்பினால், ஏப்ரல் கடைசியில் இரவு 9 மணியளவில் வடக்கே வெட்டவெளியாக இருக்கும் வயல்வெளிக்குச் செல்லுங்கள். அப்போது சப்தரிஷி மண்டலம் வடக்கில் நன்றாக உயர்ந்து நிற்கும். அதன் முகப்பில் (வால் போன்ற வளைவுக்கு எதிர் முனையில்) உள்ள இரண்டு விண்மீன்களை இணைக்கும் கோட்டைக் கீழ்நோக்கி, அதாவது தொடுவானத்தை நோக்கி, சுமார் 28 பாகை நீட்டினால் அங்கே தனியாக நிற்பதுதான் துருவ விண்மீன்.

ஆனால் என் ஆலோசனை, துருவத்தை விட்டுவிட்டு வான நடுக்கோட்டைப் பிடியுங்கள் என்பதே. பூமியின் நடுக்கோட்டை வானம்வரை விரித்தால் கிடைப்பது வான நடுக்கோடு. நமக்குத் துருவம் தரையோடு தரையாகக் கிடப்பதால், அதற்குச் செங்குத்தான இந்தக் கோடு சரியான கிழக்கில் எழுந்து, உச்சிக்குத் தெற்கே 8.7 பாகை தள்ளிக் கடந்து, சரியான மேற்கில் இறங்குகிறது. ஓரியன் எனப்படும் வேட்டைக்காரன் தொகுதியின் இடுப்பில் வரிசையாக இருக்கும் மூன்றில் முதலில் உதிக்கும் மிண்டாகா, ஏறக்குறைய இந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. அது உதிக்கும் இடம் கிழக்கு, மறையும் இடம் மேற்கு. இதில் ஐயத்துக்கே இடமில்லை. நம் ஊரில் கிழக்கே உதிக்கும் விண்மீன்கள் சாய்வாக அல்லாமல், கிணற்றிலிருந்து வாளி ஏறுவதுபோல ஏறக்குறைய நேராக மேலே ஏறுவதற்கும் இதுவே காரணம். செந்நிறத் திருவாதிரை நம் உச்சியிலிருந்து ஒன்றரைப் பாகைக்கும் குறைவாகவே விலகிச் செல்கிறது. திருவோணமோ, செப்டம்பர் தொடக்கத்தில் இரவு 9 மணியளவில், திருநெல்வேலிக்கு ஏறத்தாழ நேர் உச்சியிலேயே நிற்கும்.

தெற்கில் கதை வேறு. தென் வானத் துருவம் தொடுவானத்துக்குக் கீழே 8.7 பாகையில் மறைந்திருந்தாலும், அதைச் சுற்றியுள்ள வானத்தின் பெரும்பகுதி நமக்குத் தெரிகிறது. பொதிகைக்கு உரியவராக நாம் போற்றும் அகத்தியரின் பெயர் தாங்கிய விண்மீன், பிப்ரவரி நடுவில் இரவு 9 மணியளவில் நேர் தெற்கில் 28 பாகைக்கு மேல் உயர்ந்து நிற்பதை ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்பவர்கள் பார்க்கவே முடியாது.

இனி நிறுத்தும் முறைக்கு வருவோம். முதலில் வடக்கு தெற்கு வேண்டும். கைப்பேசியின் திசைகாட்டியை நம்ப வேண்டாம். கான்கிரீட் தளத்தில் உள்ள இரும்புக் கம்பிகள் அதைத் திசைதிருப்பும். கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, உச்சிவேளையில் அந்த நூலின் நிழல் தரையில் விழும் கோட்டைச் சுண்ணக்கட்டியால் வரைந்துகொள்ளுங்கள். அதுவே உண்மையான வடக்கு தெற்குக் கோடு. உச்சிவேளை என்பது கடிகாரத்தின் 12 மணி அன்று. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுவதால் நம் ஊரில் சூரியன் சராசரியாக 19 நிமிடம் தாமதமாகவே உச்சிக்கு வரும். அதுவும் நவம்பர் முதல் வாரத்தில் 12.03 மணிக்கும், பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் 12.33 மணிக்கும், டிசம்பர் 25 ஒட்டி 12.19 மணிக்கும் என்று ஆண்டு முழுவதும் மாறிக்கொண்டிருக்கும். ஏப்ரல் 12 ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சியில் வருவதால் நிழலே கிடைக்காது. இடைப்பட்ட மாதங்களில் நிழல் தெற்கே விழும். சூரியன் உச்சிக்கு அருகில் இருக்கும் அந்த நாட்களில் நிழல் மிக விரைவாகத் திரும்புவதால், ஜூன் மாதத்தில் ஒரு நிமிடப் பிழை ஏறக்குறைய ஒரு பாகைப் பிழையாகிவிடும். டிசம்பரில் அதில் பாதிதான். ஆகவே டிசம்பரே இதற்கு ஏற்ற மாதம். இந்த வேலையின்போது தொலைநோக்கியை வெளியே எடுக்காதீர்கள். அதன் வழியே சூரியனைத் தவறிப் பார்த்தாலும் கண் போய்விடும்.

கோடு கிடைத்ததும் அச்சை அதற்கு இணையாக வைத்து, அட்சரேகை அளவை 8.7 பாகைக்கு இறக்குங்கள். சில தாங்கிகள் அவ்வளவு கீழே இறங்க மறுக்கும். அப்போது முக்காலியையே வடக்கு நோக்கிச் சிறிது சாய்க்க வேண்டியிருக்கும், கவிழாதபடி கவனம் தேவை. அச்சு படுத்த நிலையில் இருப்பதால் எதிர் எடை வடக்குப் பக்கக் காலில் இடிப்பதும் உண்டு. ஒற்றைக் கால் தெற்கே அமையும்படி முக்காலியைத் திருப்பி வைத்தால் பெரும்பாலும் அது தீர்ந்துவிடும்.

நிலாவையும் கோள்களையும் பார்க்க இவ்வளவு போதும். படம் எடுக்க விரும்பினால், அதே டிசம்பர் 25 இரவிலேயே மிண்டாகாவைக் கொண்டு சரிபார்க்கலாம். இரவு ஏழரை மணிக்கு அது கிழக்கில் தாழ்ந்திருக்கும்போது பார்வைப் புலத்தின் நடுவில் நிறுத்தி, கிழக்கு மேற்காகத் திருப்பும் திருகால் மட்டும் தொடர்ந்து வாருங்கள். விண்மீன் மெல்லத் தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. இரவு 11.40 மணியளவில் அது உச்சிக்கு அருகே வந்ததும் மீண்டும் பாருங்கள். அப்போது தெற்கே நழுவினால் அச்சு துருவத்துக்குக் கிழக்கே விலகியிருக்கிறது, வடக்கே என்றால் மேற்கே. தொலைநோக்கியில் பிம்பம் தலைகீழாகத் தெரிவதால் எது தெற்கு என்று குழம்ப வேண்டாம்: குழாயை மெல்ல வடக்கே அசைத்துப் பாருங்கள், விண்மீன் எந்தப் பக்கம் நகர்கிறதோ அதுதான் தெற்கு.