ஓட்டிங்கில் நடக்காத வழக்கு

அன்புள்ள ஐயா,

ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தப்பாகச் சுட்ட படையினரும் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். என் அண்ணன் பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்தவர். இருட்டில், எதிரே வருவது யாரென்று தெரியாத நிலையில், அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும் என்பார். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கோர்ட்டில் கணக்கு கேட்டால் யார் பட்டாளத்துக்குப் போவார்கள்? தப்பு செய்தால் ராணுவமே தண்டிக்காதா?

ஆர்., வேலூர் மாவட்டம்

அன்புள்ள ஆர்.,

அண்ணன் சொல்லும் அரை நொடி பொய்யில்லை. அதை நீதிபதி முன்னால் சொல்லட்டும் என்றுதான் நானும் கேட்கிறேன்.

2021 டிசம்பர் 4, சனிக்கிழமை. நாகாலாந்தின் மோன் மாவட்டம். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடிந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஓட்டிங் கிராமத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த எட்டுப் பேரின் பிக்கப் வண்டியை, பதுங்கியிருந்த ராணுவச் சிறப்புப் படையினர் சுட்டார்கள். ஆறு பேர் இறந்தார்கள். வீடு வராதவர்களைத் தேடிப்போன ஊர்க்காரர்கள் படையினரின் வண்டியில் உடல்களைக் கண்டார்கள். கைகலப்பு, மறுபடி துப்பாக்கிச் சூடு. மேலும் ஏழு ஊர்க்காரர்களும் ஒரு படைவீரரும் இறந்தார்கள். மறுநாள் மோன் நகரில் இன்னொருவர். மொத்தம் 14 பொதுமக்கள்.

நிறுத்தச் சொல்லியும் வண்டி வேகமெடுத்தது என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா நாடாளுமன்றத்தில் சொன்னார். யாரும் நிறுத்தச் சொல்லவே இல்லை என்றார் பிழைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். அதைக் கண்டுபிடிக்கத்தானே கோர்ட் இருக்கிறது?

நாகாலாந்து போலீஸின் சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரித்தது. வண்டியில் இருப்பது யாரென்று உறுதிசெய்யாமலே சுட்டிருக்கிறார்கள் என்று சொல்லி, 2022-இல் ஒரு மேஜர் உட்பட 30 பேர்மீது குற்றப்பத்திரிகை போட்டது. ஆனால் 1958-ஆம் வருஷத்து ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் படையினர்மீது வழக்கு நடத்தக்கூடாது என்கிறது. 2023-இல் அனுமதி மறுக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. என்றைக்காவது அனுமதி கிடைத்தால் தொடரலாம், அவ்வளவுதான். அந்த 30 பேரும் குற்றவாளிகள் என்று நான் சொல்லவில்லை. நிரபராதி என்று தீர்ப்பு வாங்கும் வழிகூட அவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

ராணுவமே தண்டிக்காதா என்கிறீர்கள். சில சமயம் தண்டித்திருக்கிறது. 2010-இல் காஷ்மீரின் மச்சிலில் வேலை தருவதாகக் கூட்டிப்போன மூன்று இளைஞர்களைச் சுட்டுவிட்டு, பயங்கரவாதிகள் என்று கணக்குக் காட்டினார்கள். அதில் ராணுவ நீதிமன்றம் ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2017-இல், ராணுவ நீதிமன்றத் தீர்ப்புகள்மீது மேல்முறையீடு கேட்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அதை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்துவிட்டது. செத்தவனின் அம்மா போய் நிற்கக்கூடிய இடமா இதெல்லாம்?

ஓட்டிங்கில் இன்னொன்றும் நடந்தது. இறுதிச் சடங்குக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மந்திரியும் மாவட்ட அதிகாரியும் உறைகளில் 18 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்கள். துக்கத்துக்கு வந்தவர் அன்பாகக் கொடுத்தது என்றுதான் ஊர் முதலில் நினைத்தது. நிவாரணத்தில் ஒரு பகுதி என்று தெரிந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சுட்டவர்களை நீதியின் முன் நிறுத்தும் வரை வாங்கமாட்டோம் என்றார்கள். வாரம் முழுக்கச் சுரங்கத்தில் கிடந்து சம்பாதிக்கிற ஜனங்கள், ஆர்.

அண்ணனிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். சுடுவதற்கு முன்னால் ஆளை உறுதிசெய்யச் சொல்லித்தானே அவருக்கும் பயிற்சி கொடுத்திருப்பார்கள்? அதை மீறிய ஒருவரைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள அவர் சம்மதிப்பாரா?