ஏழு கல் வைரத்தோடு: முதலீடு என்று நம்பி வாங்கலாமா?

கேள்வி: தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். ஏழு கல் வைரத்தோடு போடுவது எங்கள் வீட்டு வழக்கம். கடையில் காட்டிய தோட்டில் 14 கல், மொத்தம் 1.40 காரட். காரட் 90,000 ரூபாய் வீதம் கல்லுக்கு மட்டும் 1,26,000 ரூபாய். தங்கம், செய்கூலி, ஜிஎஸ்டி சேர்த்து சுமார் இரண்டு லட்சம் வருகிறது. "ஈ-எஃப் கலர், விவிஎஸ் கல், சர்டிபிகேட் உண்டு, தங்கத்தைவிட நல்ல முதலீடு" என்கிறார்கள். அந்த எழுத்துகள் எனக்குப் புரியவில்லை. வாங்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மகள் ஆசையாகப் போட்டுக்கொள்வாள் என்றால் தாராளமாக வாங்குங்கள். முதலீடு என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம்.

முதலில் எழுத்துகளைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஜிஐஏ என்ற ரத்தினக்கல் ஆய்வு நிறுவனம் 1950களில் வகுத்த அளவுகோலைத்தான் இன்று பெரும்பாலான நாடுகளில் பின்பற்றுகிறார்கள். நிறத்துக்கு டி முதல் இசட் வரை. டி என்றால் துளியும் மஞ்சள் இல்லாத கல். எழுத்து தள்ளிப் போகப் போக மஞ்சள் கூடும். ஈ, எஃப் இரண்டும் உச்சிக்கு அடுத்த படிகள். விவிஎஸ் என்பது சுத்தம்: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், பழகியவர் கண்ணுக்கே சிரமப்பட்டுத்தான் குறை தெரியும். அதற்கு அடுத்தது விஎஸ், அப்புறம் எஸ்ஐ.

உங்கள் தோட்டில் ஒரு கல் ஏறக்குறைய 10 சென்ட் (100 சென்ட் ஒரு காரட்), அதாவது சுமார் 3 மில்லிமீட்டர் அகலம். அந்த அளவில், அதுவும் மஞ்சள் தங்கத்தில் பதித்த பிறகு, எஃப் கல்லுக்கும் ஜி கல்லுக்கும் எதிரே நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. விலையில் தெரியும். ஜி-எச் கலர், விஎஸ் கல்லுக்கும் ஒரு விலை கேளுங்கள். கரும்புள்ளி இருந்தால் தோஷம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள் என்றால், லென்ஸ் வாங்கி நீங்களே ஒவ்வொரு கல்லாகப் பாருங்கள். பின்பக்கம் திறந்த அமைப்பாக இருந்தால் பார்ப்பதும் எளிது, சுத்தம் செய்வதும் எளிது.

பணத்தைக் குறைக்கக் கூடாத இடம் பட்டை தீட்டல். கல் மின்னுவது அதனால்தான். கோணம் சரியில்லாத கல்லில் விழும் வெளிச்சம் கண்ணுக்குத் திரும்பாமல் அடிவழியே வெளியேறிவிடும். கலரும் சுத்தமும் எவ்வளவு உயர்வாக இருந்தாலும் கல் மங்கலாகத்தான் தெரியும். கடை விளக்கு எந்தக் கல்லையும் ஜொலிக்க வைக்கும். வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

எடையில் ஒரு சூட்சுமம் உண்டு. பத்து 10 சென்ட் கற்கள் சேர்ந்தாலும் ஒரு காரட்தான், ஒரே கல்லாக இருந்தாலும் ஒரு காரட்தான். ஆனால் ஒற்றைக் கல்லின் விலை பல மடங்கு. அதனால் இன்னொரு கடையில் விலை ஒப்பிடும்போது மொத்த காரட்டை மட்டும் சொன்னால் போதாது. ஒரு கல் எத்தனை சென்ட் என்றும் சொல்ல வேண்டும்.

சரி, முதலீட்டுக்கு வருவோம். தங்கத்துக்குத் தினமும் காலையில் ஊரறிந்த விலை இருக்கிறது. வைரத்துக்கு அப்படிப் பொது விலை கிடையாது. சர்டிபிகேட் தரத்தைச் சொல்லும். விற்கும்போது இவ்வளவு கிடைக்கும் என்று எந்தச் சர்டிபிகேட்டும் சொல்லாது. ஹால்மார்க் முத்திரையும் தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டும்தான், கல்லுக்கு அல்ல. நாளை அவசரத்துக்கு அடகு வைக்கப் போனால் வங்கியில் கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்தைத்தான் மதிப்பிடுவார்கள். உங்கள் 1,26,000 ரூபாய் அங்கே கணக்கிலேயே வராது. இந்த இரண்டு லட்சம் படிப்புக்கோ மருத்துவத்துக்கோ ஒதுக்கிய பணம் என்றால், எனக்கு இதில் சம்மதமே இல்லை. அதே பணத்தில் 22 காரட் தங்க நகை வாங்குங்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வந்தபிறகு இன்னும் கவனம் தேவை. அதுவும் அசல் கார்பன்தான். வெறும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கடைகளில் வைத்திருக்கும் சாதாரண டெஸ்டரும் அதை வைரம் என்றே காட்டும். விலையோ இயற்கை வைரத்தில் ஒரு சிறு பங்கு, அதுவும் சில வருடங்களாக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. காரட் 90,000 கொடுக்கிறீர்கள் என்றால் பில்லில் 'இயற்கை வைரம்' என்ற வார்த்தை கட்டாயம் இருக்க வேண்டும்.

பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றும் தனித்தனியாக வரட்டும். ஒரு காரட் 0.2 கிராம்; உங்கள் கற்கள் 0.28 கிராம். அதைக் கழித்த எடைக்குத்தான் தங்க விலை போட வேண்டும். திரும்பக் கொடுத்தால் கல்லுக்கு எத்தனை சதவீதம், அன்றைய விலையிலா வாங்கிய விலையிலா, ரொக்கமா வேறு நகைக்கு மாற்று மட்டுமா என்று கேட்டு, கடை முத்திரையோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்; தைக்கு இன்னும் நாள் இருக்கிறது.