இடிச்சு கட்டின வீட்டுக்கு வரி எப்படி போடுவாங்க? டேப்பு புடிக்கும்போது கூட நில்லுங்க

கேள்வி: அண்ணே வணக்கம். கும்பகோணத்துல எங்க மாமனார் காலத்து ஓட்டு வீடு. பின்கட்டை அப்படியே விட்டுட்டு முன்பக்கத்தை மட்டும் இடிச்சு கான்கிரீட் போட்டுருக்கோம், திண்ணை இருந்த இடத்துல சின்னதா ஒரு கடை ரூமும் எடுத்தாச்சு. மொத்தம் 22 லட்சம் செலவு. பக்கத்து வீட்டு சித்தப்பா, "செலவுக்கு தகுந்த மாதிரி வரி போட்டுருவான், டைல்ஸ் கிரானைட்லாம் காட்டிக்காத"ங்கிறார். நாங்களா மாநகராட்சி ஆபீசுக்கு போய் சொல்லணுமா, இல்ல அவங்களா வரட்டும்னு இருக்கலாமா?

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த 22 லட்சத்தை மறந்துடுங்க. நீங்க எவ்வளவு செலவு பண்ணீங்கன்னு வச்சு சொத்து வரி போடறதில்ல. எத்தனை சதுர அடி, உங்க தெரு எந்த மண்டலத்துல வருது, கூரை ஓடா கான்கிரீட்டா, குடியிருக்கவா வியாபாரத்துக்கா, கட்டி எத்தனை வருஷம் ஆச்சு, இத வச்சு இந்த வீடு வாடகைக்கு போனா வருஷத்துக்கு இவ்வளவு பெறும்னு ஒரு மதிப்பு எடுப்பாங்க, அதுலேருந்துதான் அரையாண்டு வரி வரும். கிரானைட் போட்டதால சதுர அடி கூடப்போறதில்ல, பயப்படாதீங்க.

ஆனா சதுர அடின்னா எந்த சதுர அடி, இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. ரூமுக்குள்ள அளந்து கூட்டக்கூடாது, வெளிச்சுவத்துலேருந்து வெளிச்சுவர். உதாரணத்துக்கு வெளிய 24க்கு 40ன்னா 960 சதுர அடி. அதையே 9 இன்ச் சுவரை விட்டுட்டு உள்ள அளந்தா 22½க்கு 38½, வெறும் 866தான் வரும். நீங்க 866ன்னு எழுதிக்கொடுத்து அவங்க வந்து 960ன்னு அளந்தா, மறைச்சீங்கன்னு ஒரு பேச்சு வரும், அது தேவையா?

நீங்களே போய் சொல்லிடுங்க. சுய மதிப்பீட்டு படிவம் இருக்கு, பத்திர நகல், பட்டா, பிளான் அப்ரூவல், பழைய வரி ரசீது, ஈபி பில் இதெல்லாம் எடுத்துட்டு போங்க. அவங்களா வரட்டும்னு ரெண்டு மூணு வருஷம் விட்டீங்கன்னா, கட்டி முடிச்ச அரையாண்டுலேருந்து பின்னோக்கி கணக்கு போட்டு மொத்தமா டிமாண்ட் வரும், அப்ப ஒரே அடியா கட்டறது ரொம்ப கஷ்டம்.

பில் கலெக்டர் வர்ற அன்னிக்கு வேற வேலை இருந்தாலும் யாராவது ஒருத்தர் வீட்ல இருங்க, டேப்போட இன்னொரு முனையை நீங்களே புடிங்க. பழைய ஓட்டு பின்கட்டை தனியா, புது கான்கிரீட்டை தனியா எழுதச் சொல்லுங்க. இது உங்களுக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா பழசுக்கு வயசுக்கழிவு உண்டு, ஓட்டுக்கு ரேட்டும் கம்மி, மொத்தத்தையும் புது கான்கிரீட்டுன்னு எழுதிட்டா அது போச்சு. கடை ரூமும் அப்படித்தான், வியாபார ரேட்டு அந்த ரூமோட அளவுக்கு மட்டும்தான் வரணும், அதுக்காக முழு வீட்டையும் வணிகம்னு போட விடாதீங்க.

எங்க மச்சான் வீட்ல இதே கதைதான் நடந்துச்சு. கொல்லையில மாட்டுக்கு போட்ட தகர ஷெட்டையும் கான்கிரீட்டோட சேர்த்து எழுதிட்டாங்க. வாயால சொல்லி சொல்லி நாலு தடவை நடந்தான், ஒண்ணும் நடக்கல. அப்புறம் கையால ஒரு வரைபடம் போட்டு, நாலு பக்கமும் அளவு குறிச்சு, ஷெட்டு போட்டோவோட எழுத்துல மனு கொடுத்து ஒப்புகை வாங்கினான், திரும்ப வந்து அளந்து திருத்தினாங்க. அதனால நோட்டீஸ் கையில வந்ததும் தொகையை மட்டும் பாக்காதீங்க, சதுர அடி, உபயோகம், எந்த அரையாண்டுலேருந்து, இந்த மூணையும் பாத்துட்டு தப்பிருந்தா அதுல போட்டிருக்கிற கெடுவுக்குள்ள எழுத்துல ஆட்சேபணை கொடுத்துடுங்க.

இன்னொண்ணு, ஏப்ரல் 30க்குள்ளயும் அக்டோபர் 31க்குள்ளயும் அந்தந்த அரையாண்டு வரியை கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை கழியும், அதிகபட்சம் 5000 ரூபாய். அதை விடாதீங்க.

கேள்வி: சார், ஒரத்தநாடு பக்கம் கிராமம். கோயில் மனையில வீடு கட்டிருக்கோம். வீட்டு வரி ரசீது நம்ம பேர்ல வந்துட்டா மனையும் நமக்கு ஆயிடும்ங்கிறாங்க, உண்மையா?

பதில்: இல்ல தம்பி, யார் சொன்னாலும் நம்பாதீங்க. நம்ம டெல்டாவுல கோயில் மனை, மடத்து மனையில குடியிருக்கிற குடும்பம் ஏராளம், இதை நம்பி ரசீதை காட்டி வீட்டை வாங்கி வித்து ஏமாந்தவங்களும் உண்டு, பாக்கவே வயிறு எரியுது. வரி போடறது கட்டடத்துக்கு. ரசீது பத்திரமும் ஆகாது, பட்டாவும் ஆகாது. மனை வாடகையை கோயிலுக்கு தனியா கட்டி அந்த ரசீதையும் பத்திரமா வைங்க.

ஊராட்சியில அரையாண்டு கணக்கு கிடையாது, வருஷத்துக்கு ஒரு தடவைதான். ஊராட்சி செயலர்கிட்ட அளவு கொடுத்து வரி போடச் சொல்லுங்க, பணத்தை ஆன்லைன்லயே கட்டலாம். துண்டுச் சீட்டுல எழுதிக்கொடுத்தா வாங்காதீங்க, முறையான ரசீதா கேளுங்க.