பிள்ளைகளே வகுப்பு ஆட்சியை அமைக்க விட்டால் சரிவருமா?

திருகோணமலையில் தரம் 7, வகுப்பில் 36 பிள்ளைகள், ஆட்சிமுறையை அவர்களே அமைக்கட்டும் என்று நினைக்கிறேன், தேர்தலை எப்படி வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல யோசனை. ஆனால் தேர்தலைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

முதல் வேலை உங்களுடையது. ஒரு பிறிஸ்டல் மட்டையில் நடுவே கோடு போட்டு, பிள்ளைகள் கையில் விடுவதை ஒரு பக்கமும் விட முடியாததை மறுபக்கமும் எழுதி ஒட்டுங்கள். இருக்கை ஒழுங்கு, கூட்டும் முறை, பந்து யாரிடம் இருப்பது, தங்களுக்குள் வரும் சண்டை எல்லாம் அவர்களுடையது. புள்ளி, நேரசூசி, சீருடை உங்களுடையது. உடல் தண்டனை கல்வி அமைச்சின் சுற்றறிக்கைப்படி யார் கையிலும் இல்லை. அவர்கள் பக்கத்தில் எழுதிய ஒன்றை அவர்களைக் கேட்காமல் நீங்கள் ஒரே ஒரு தடவை மாற்றினாலும் போதும், பிறகு ஒரு பிள்ளையும் இதை நம்பாது.

அடுத்த இரண்டு கிழமைக்கு ஒரு சீஆர் கொப்பியை மேசையில் வைத்து, வகுப்பில் எது கரைச்சல் என்று பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களென்றால் பாதிப் பக்கம் ஃபேனுக்குக் கீழே யார் இருப்பது என்பதாகவே இருக்கும். அதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள், முதல் சட்டம் அதிலிருந்துதான் வரவேண்டும்.

பிறகு ஆறு பேர் கொண்ட ஆறு குழு, ஒரு பாடவேளை, அதாவது 40 நிமிடம். ஒவ்வொரு குழுவும் ஓர் ஆட்சிமுறையை வரைந்து வரட்டும். அநேகமாக எல்லாக் குழுவும் ஜனாதிபதி, பிரதமர், பதினைந்து அமைச்சர் என்றுதான் வரும். திட்ட வேண்டாம். ஒவ்வொரு பதவிக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: "திங்கட்கிழமை காலை ஏழரைக்கு இவர் என்ன செய்வார்?" 'சுகாதார அமைச்சர்' குப்பை வாளியைக் கொட்டிவிட்டுத் தும்புத்தடியை எண்ணி வைப்பார் என்றால் அந்தப் பதவி இருக்கட்டும். பதில் வராத பதவியைப் பிள்ளைகளே வெட்டுவார்கள். மிஞ்சுவது நாலைந்துதான்.

சட்டம் ஏழுக்கு மேல் வேண்டாம். "சத்தம் போடக்கூடாது" என்பது சட்டமில்லை, யார் பார்ப்பது, மீறினால் என்ன என்பதும் சேர்ந்தால்தான் சட்டம். இன்னொன்றையும் பாருங்கள்: ஒரு சட்டம் எப்போதும் ஒரே ஆட்களைத்தான் பிடிக்கிறதா? "பிந்தி வந்தால் கடைசி வாங்கு" என்று நிறைவேற்றிவிடுவார்கள். மூதூரிலிருந்து பஸ்ஸில் வரும் மூன்று பிள்ளைகள் தவணை முழுக்கக் கடைசி வாங்கில் இருப்பார்கள். பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் அது அநியாயம், அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இனித் தேர்தல். கை உயர்த்த விடாதீர்கள், பக்கத்து ஆளைப் பார்த்துத்தான் கை எழும்பும். சப்பாத்துப் பெட்டியும் துண்டுத்தாளும் போதும். எங்கள் ஜனாதிபதித் தேர்தல் போல 1, 2, 3 என்று விருப்பு வாக்குப் போடச் சொல்லுங்கள். 2024இல் இரண்டாவது எண்ணிக்கை நடந்ததால் வீட்டிலேயே கேள்விப்பட்டிருப்பார்கள். மூன்று பேருக்கு 15, 12, 9 என்று விழுந்தால் ஒருவருக்கும் பாதிக்கு மேல், அதாவது 19, இல்லை. ஒன்பது எடுத்தவர் நீங்க, அவருடைய வாக்குகளில் ஏழு இரண்டாமவருக்கும் இரண்டு முதலாமவருக்கும் போனால் 19க்கு 17. பன்னிரண்டு எடுத்த பிள்ளை வெல்லும். கரும்பலகையில் எல்லோர் முன்னாலும் எண்ணுங்கள். பதவிக்காலம் நாலு கிழமை. 12 பேர் கையெழுத்து வைத்தால் இடையிலேயே மறுவாக்கு.

சண்டைகளுக்குச் சீட்டுக் குலுக்கி எடுத்த ஐந்து பேர் தீர்ப்புச் சொல்லட்டும். பிள்ளைகள் எங்களைவிடக் கடுமை, முதல் நாளே "முழங்காலில் நிற்கட்டும்" என்பார்கள். போலந்தின் வார்சோவில் யானுஷ் கோர்ச்சாக் என்ற வைத்தியர் நடத்திய அநாதை இல்லத்தில் பிள்ளைகளின் நீதிமன்றச் சட்டக்கோவையில் 1 முதல் 99 வரையான பிரிவுகள் மன்னிப்பதற்கே இருந்தன. அரை வருடத்தில் ஐந்து தடவை அவரே அந்த நீதிமன்றத்தின் முன் நின்றார். அதனால் தண்டனை இரண்டே வகை: கெடுத்ததைத் திருத்துவது, மன்னிப்புக் கேட்பது. உங்கள் மேல் முறைப்பாடு வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

காசு சேர்க்கும் பதவி மட்டும் வேண்டவே வேண்டாம். ஏ4 தாள் கட்டு கொண்டு வா, பெயின்ற்றுக்குக் காசு கொண்டு வா என்று பெற்றோரைப் பிழிவது ஏற்கெனவே போதும். கடலுக்குப் போக முடியாத மாரி மாதங்களில் அந்த நூறு ரூபாவுக்கு வீட்டில் என்ன பாடு என்று கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை.

"இடம் கொடுத்தால் தலைக்கு மேல் ஏறும்" என்று கீழே எழுத வருவீர்கள். கதைத்தவர் பெயரை மொனிட்டர் கரும்பலகையில் எழுதும் முறையில் என்ன ஒழுங்கு வந்தது? சிநேகிதன் பெயர் அழியும், பிடிக்காதவன் பெயர் இரண்டு தடவை வரும். விருந்தினர் வரும் நாளில் ஆசிரியர் எழுதிக்கொடுத்ததை வாசிக்கும் மாணவர் பாராளுமன்றத்தையும் நான் சொல்லவில்லை.

மூன்றாம் கிழமை ஆர்வம் விழும், எதிர்பார்த்திருங்கள். வகுப்புக் கூட்டத்தை 20 நிமிடமாகக் குறைத்து, தீர்மானித்ததில் நடக்காத ஒன்றை மட்டும் எடுங்கள். வெள்ளியில் வைக்காதீர்கள், ஜும்ஆவுக்குப் போகும் பிள்ளைகள் இல்லாமல் வாக்கெடுப்பு நடந்துவிடும். செவ்வாய் இரண்டாம் பாடவேளை நல்லது.